தூரம்

என்னுடைய பாலியப் பருவத்தில், மாதத்துக்கு மூன்று நாள் எங்கள் வீட்டில் வழங்கிவந்த ஒரு சொல் எனக்குப் பெரும் புதிராக இருந்தது. "அம்மா தூரம்" என்பார்கள். அம்மாவோ எங்கும் போய்விடவில்லை. கூடத்தையும் இரண்டாம் கட்டையும் கடந்தால் வரும் கொல்லைத் தாழ்வாரத்தில், சுவரோரமாக ஒரு பழம்பாயை விரித்து, தனக்கென்று ஒதுக்கப்பட்ட தட்டும் சொம்பும் பக்கத்தில் இருக்க, கண்ணுக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். நான் பிடித்துக்கொண்டு நின்ற தூணிலிருந்து அவள் இருந்த இடம், அடியெடுத்து எண்ணினால் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் இராது. காசிக்குப் போனவரைத் தூரம் போயிருக்கிறார் என்று சொல்வது புரிந்தது. மெல்லப் பேசினாலும் காதில் விழும் இடத்தில் இருப்பவளை ஏன் தூரம் என்கிறார்கள் என்பது புரியவில்லை. ஓடிப்போய் மடியில் விழ எத்தனித்தபோதெல்லாம், அம்மாவைப் பெற்ற பாட்டியின் கை என் தோளைப் பற்றி நிறுத்திவிடும். நாலாம் நாள் விடியற்காலையில் அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரக் கூந்தலும் மஞ்சள் மணமுமாக அடுக்களைக்குள் வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். தூரம் என்பது இருந்த சுவடே தெரியாமல் போய்விடும்.

இப்பொழுது யோசித்துப் பார்க்கையில், அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மிகப் பழைய தத்துவ வழக்கு ஒன்று அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. தீட்டு என்று நாம் வழங்குவது ஒரு பொருளிடத்தில் உள்ள குணமா, ஒருவர் செய்த செயலின் பலனா, அல்லது பார்ப்பவர் மனம் ஏற்றிவைத்த எண்ணமா? பொருளின் குணமாயின் அதைச் சோதித்துக் காட்ட முடியவேண்டும். செயலின் பலனாயின் செய்தவர் இன்னார் என்று சுட்ட முடியவேண்டும். மனத்தின் எண்ணமாயின், அதை வைத்திருப்பதால் விளையும் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்க்கவேண்டும். இம்மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டதனால் ஆசாரத்தைக் காப்போர் சினந்தும், அதை மறுப்போர் எள்ளியும் பேசியிருக்கிறார்களே அல்லாமல், நிதானமாக விசாரித்தவர்கள் சிலரே. வழக்கென்று வந்தபின் தீர்ப்புக்கு முன்னே சாட்சியைக் கேட்பதுதான் முறை.

முதல் சாட்சி நம்முடைய பாஷையே. இந்த நிகழ்ச்சியைக் குறிக்கத் தமிழில் இரண்டு குலத்துச் சொற்கள் உண்டு. பூப்பு, ருது, சமைதல், ஆளாதல், பெரியவளாதல் என்பவை ஒரு குலம். பூப்பு என்பதில் செடி மலரும் இயல்பு இருக்கிறது. சமைதல் என்பதில் ஆயத்தமாகும் பக்குவம் இருக்கிறது. ருது என்ற வடசொல்லுக்கோ பருவகாலம் என்பது பொருள். உலகம் முழுவதையும் தாங்கி நிற்கும் ஒழுங்கை வேதம் ‘ருதம்’ என்று குறிக்கிறது. ருதுவும் ருதமும் ஒரே தாதுவில் பிறந்தவை. தீட்டு, விலக்கு, முட்டு, தூரம் என்பவை மற்றொரு குலம். விந்தை என்னவென்றால், ஒரு பெண்ணின் வாழ்க்கையில் முதற்குலத்துச் சொற்கள் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கின்றன. தாய்மாமன் பச்சை ஓலையால் குச்சு கட்டி, உளுந்தங்களி கிண்டி, பந்தலிட்டு மஞ்சள் நீராட்டிச் சீர்வரிசை வைத்து ஊரைக் கூட்டிக் கொண்டாடுகிற அந்த நிகழ்ச்சி, அடுத்த மாதம் மறுபடியும் வரும்போது பந்தல் இல்லை, சீர் இல்லை, பெயரும் மாறிவிடுகிறது. முதல் மாதம் பூ; மறுமாதம் தீட்டு. ஒரே காரியத்துக்கு முப்பது நாள் இடைவெளியில் இரண்டு பெயர் வைத்த சமூகம், தன் மனத்துக்குள்ளேயே தீராத வழக்கொன்றை நடத்திக்கொண்டிருக்கிறது என்றுதான் கொள்ளவேண்டும்.

இரண்டாவது சாட்சி சரீரம். அதன் மொழியை மனிதன் கற்றுக்கொள்ளத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. 1905-ஆம் ஆண்டில் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற உடலியல் அறிஞர் ஆற்றிய சொற்பொழிவுகளில், இரத்தத்தின் வழியே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செய்தி கொண்டுசெல்லும் பொருள்களுக்கு ‘ஹார்மோன்’ என்று பெயரிட்டார். கிளர்ந்தெழச் செய்வது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அதற்கு முன்பெல்லாம் உடலின் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்போடு நரம்பு வழியாகத்தான் பேசும் என்று நினைத்திருந்தவர்களுக்கு, எண்ணி அளக்கவும் அரிதான சிறு துளிகள் இரத்தத்தில் கலந்து போய்த் தமக்குரிய வாசலை மட்டும் தட்டி எழுப்புகின்றன என்ற செய்தி வியப்பளித்தது.

பூப்பின் கதை நாம் நினைப்பதுபோல் பன்னிரண்டு வயதில் தொடங்குவதன்று. பெண்குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே, பின்னாளில் அவளைப் பருவமங்கையாக்கப்போகும் அதே சுரப்புகள் ஒருமுறை எழுந்து, சில மாதங்கள் நடமாடிவிட்டு அடங்கிவிடுகின்றன. பிறகு நெடிய மௌனம். மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்ற சிறிய பிரதேசத்தில் சிதறிக் கிடக்கும் சில ஆயிரம் நரம்பணுக்கள்தாம் இந்த இசையின் தாளக்காரர்கள். குழந்தைப் பருவம் முழுவதும் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வெளிவிடும் தூதுப்பொருள், பத்தே பத்து அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலி. அதன் அமைப்பை ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கில்லமின் என்ற இருவர், ஒருவரோடொருவர் போட்டியிட்டுக்கொண்டே 1971-இல் வெளிப்படுத்தி, 1977-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தத் தூது சில மில்லிமீட்டர் தொலைவிலுள்ள பிட்யூட்டரி என்ற சுரப்பியை அடைகிறது. பட்டாணி அளவே உள்ள அந்தச் சுரப்பி தன் பங்குக்கு இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விட, அவை அடிவயிற்றிலுள்ள சினைப்பைகளைச் சென்று எழுப்புகின்றன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எர்ன்ஸ்ட் நோபில் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும் 1970-களில் குரங்குகளை வைத்துச் செய்த சோதனையில், ஹைபோதலாமஸின் தூதுப்பொருளை மணிக்கொருமுறை சொட்டாகச் செலுத்தியபோது பிட்யூட்டரி செவ்வனே வேலைசெய்தது. அதே பொருளை இடைவிடாமல் ஒழுகவிட்டபோதோ அது செவிடாகி வாளாவிருந்தது. மிருதங்கத்தில் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள வெளிதான் தாளத்தைத் தாளமாக்குகிறது என்பதை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கக்கூடியதே. இன்னும் பருவம் எய்தாத இளங்குரங்குக்கு அதே தாளத்தைப் புறத்திலிருந்து கொடுத்தார்கள். அதற்குப் பூப்பு வந்தது. நிறுத்தினார்கள், மறுபடியும் குழந்தையாகிவிட்டது. ஆகவே, சுரப்பியும் சினைப்பையும் முன்னமே ஆயத்தமாக இருந்திருக்கின்றன. பூப்பு என்பது புதிதாக ஒன்று படைக்கப்படுவதன்று. கட்டிவைத்த கை அவிழ்வது.

அந்தக் கையை அவிழ்ப்பது யார்? கிஸ்பெப்டின் என்ற மற்றொரு தூதுப்பொருள் என்று 2003-இல் தெரியவந்தது. அதை ஏற்கும் வாசல் பழுதானவர்களுக்குப் பருவமே வருவதில்லை என்பதை இரண்டு குழுவினர் தனித்தனியே கண்டார்கள். அதற்குரிய மரபணு முதலில் கண்டறியப்பட்ட ஊர் அமெரிக்காவில் சாக்லேட்டுக்குப் பேர்போன ஹெர்ஷி. அவ்வூரின் ‘கிஸ்’ என்ற மிட்டாயின் பெயரையே விளையாட்டாக வைத்துவிட்டார்கள். சரி, கிஸ்பெப்டினை எழுப்புவது யார் என்று கேட்டால், ஒருவர் பெயரைச் சொல்ல இயலாது. உடலில் சேர்ந்த கொழுப்பு லெப்டின் என்ற ஹார்மோன் வழியாக, "சேமிப்பு போதுமானது" என்று மூளைக்குச் சொல்கிறது. பரம்பரை ஒரு சொல் சொல்கிறது. உறக்கம் ஒரு சொல் சொல்கிறது. ஏனெனில், அந்தத் தாளம் முதன்முதலில் ஒலிப்பது இரவில், சிறுமி தூங்கும் வேளையில்தான். விடிந்தால் அடங்கி, மறுநாள் இரவில் மீண்டும் எழுந்து, மெல்ல மெல்லப் பகலுக்குள்ளும் பரவுகிறது. மார்பு அரும்பி ஏறத்தாழ இரண்டு இரண்டரை ஆண்டுகள் சென்றபின்தான் முதல் உதிரம் தோன்றுகிறது. வீட்டார் நாள் நட்சத்திரம் குறித்துவைத்துக்கொண்டு, "இன்றைக்குப் பெரியவளானாள்" என்கிறார்கள். சரீரமோ ஆண்டுக்கணக்காக, அவளுக்கும் தெரியாமல், இருட்டில் ஒத்திகை பார்த்துவந்திருக்கிறது.

அதன்பின் மாதம் என்ற வட்டம். சினைப்பையில் சில சினைகள் ஒருங்கே வளரத் தொடங்கி, அவற்றுள் ஒன்று முந்திக்கொள்கிறது. அதைச் சூழ்ந்த அணுக்கள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கின்றன. அதை ஏற்றுக் கருப்பையின் உட்சுவர் தடித்துச் செழிக்கிறது. இந்த ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலான நாள்களில் மூளையை நோக்கி, "போதும், அளவோடு இரு" என்று அடக்கிவைக்கும். ஆனால், அதன் அளவு உயர்ந்து, அவ்வுயரத்திலேயே ஏறத்தாழ இரண்டு நாள் நின்றுவிட்டால், அதே சொல்லின் பொருள் தலைகீழாக மாறிவிடுகிறது. அடங்கச் சொன்னது பொங்கச் சொல்கிறது. பிட்யூட்டரியிலிருந்து ஹார்மோன் வெள்ளம்போல் பெருகி, அது தொடங்கிய முப்பத்தாறு மணி நேரத்தை ஒட்டிச் சினை வெடித்து வெளிப்படுகிறது. சினை நீங்கிய இடத்தில் பொன்னிறமான சிறு கட்டி ஒன்று உருவாகிறது. மஞ்சள் உடலம் என்று அதற்குப் பெயர். அது சுரக்கும் புரோஜெஸ்டிரோன் கருப்பையை ஒரு கருவை ஏற்கத் தக்கதாக்கி வைத்திருக்கிறது. கரு வந்து தங்கினால், அந்தக் கருவே "நான் வந்துவிட்டேன்" என்று ஹார்மோனால் அறிவித்து மஞ்சள் உடலத்தை வாழவைக்கும். வராவிட்டால், பதினான்கு நாளை ஒட்டி அது வாடிவிடும். சினை வெளிப்படுவதற்கும் அடுத்த விலக்குக்கும் இடையே ஏறத்தாழ இந்தப் பதினான்கு நாள்தான் என்பதை 1920-களில் ஜப்பானில் ஓகினோவும் ஆஸ்திரியாவில் க்னாஸும் ஒருவரை ஒருவர் அறியாமலே கணக்கிட்டார்கள்.

மஞ்சள் உடலம் வாடியதும் என்ன ஆகிறது என்பதைக் கண்ணாரக் கண்டவர் ஒருவர் உண்டு. 1940-இல் மார்க்கீ என்ற அமெரிக்க அறிஞர், பெண் குரங்கின் கருப்பை உட்சுவரில் ஒரு துணுக்கை எடுத்து அதன் கண்ணுக்குள்ளேயே பதியம் வைத்து, பளிங்குபோன்ற விழிப்படலத்தின் வழியே நாள்தோறும் பார்த்துவந்தார். ஹார்மோன் குறைந்ததும் சுருள் சுருளான இரத்தக் குழாய்கள் இறுகுவதையும், ஊட்டம் இழந்த திசு கழன்று குருதியோடு விலகுவதையும் அவர் எழுதிவைத்தார். தலைவாழை இலை விரித்து நீர் தெளித்துக் காத்திருந்து, விருந்தாளி வரவில்லையென்றானபின் அந்த இலையை எடுத்துவிட்டு, அடுத்த வேளைக்குப் புதிய இலை போடும் காரியமே அது. சாதாரணமாக முப்பது நாற்பது மில்லிலிட்டர், அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவு இரத்தம். அதில் நஞ்சில்லை, அழுகலில்லை. உடலின் மற்ற இடங்களில் ஓடும் குருதியும், ஓர் உயிரைத் தாங்குவதற்கென்று நெய்யப்பட்ட திசுவும்தான் உண்டு.

ஆக, முதற்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: தீட்டு அந்தப் பொருளின் குணமன்று. இதை விஞ்ஞானம் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொள்ளவும் வழியில்லை. விலக்கான பெண் அருகில் வந்தால் புதிய திராட்சை ரசம் புளித்துப்போகும் என்று பண்டை ரோமாபுரியின் பிளினி எழுதினார் என்றால், பதினெட்டு நூற்றாண்டுகள் கழித்து, 1920-இல், வியன்னாவின் பேர்பெற்ற மருத்துவரான பேலா ஷிக், அத்தகைய பெண்ணின் கைபட்டு மலர்கள் வாடியதாகக் கருதி, விலக்கு நஞ்சு என்று ஒன்று உண்டெனக் கட்டுரையே வெளியிட்டார். அந்த நஞ்சைத் தேடிப் பலர் பல ஆண்டுகள் சோதனைச்சாலையில் உழைத்தும் அது நிலைநிற்கவில்லை. எண்ணம் முந்திக்கொண்டால் கண்ணும் அதற்குச் சாட்சி சொல்லும் என்பதற்கு இதைக்காட்டிலும் வேறு உதாரணம் வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி, செயலின் பலனா என்பது. அப்படியானால் செய்தவர் யார்? நாம் மேலே கண்ட வட்டத்தில் அரசன் எங்கே இருக்கிறான் என்று தேடிப்பாருங்கள். மூளை ஆணையிடுகிறது என்றால், அந்த மூளை சினைப்பையின் சொல் கேட்டு வேகத்தைக் கூட்டுகிறது, குறைக்கிறது. சினைப்பைதான் தலைவி என்றால், அது பிட்யூட்டரியின் ஏவலின்றி அசைவதில்லை. ஒவ்வொன்றும் ஆணையிடுவதாகத் தோன்றி, ஒவ்வொன்றும் கேட்டு நடக்கிறது. உண்ணும் சோறும், உறங்கும் உறக்கமும், உள்ளத்தின் துயரமும் அதில் கலந்துகொள்கின்றன; இரண்டாம் உலகப் போரின் வதைமுகாம்களில், பசியும் பயமும் தாங்காமல் எத்தனையோ பெண்களுக்கு மாதவிலக்கே நின்றுபோயிற்று. இவ்வளவு பேர் கூடிப் பேசும் சபையில், அந்தப் பெண்ணின் சங்கல்பத்துக்கு மட்டும் ஆசனம் இல்லை. வா என்று அவள் அழைத்து அது வந்ததில்லை. போ என்று அவள் சொல்லி அது போனதில்லை. செயல்களெல்லாம் பிரகிருதியின் குணங்களால் நிகழ்த்தப்படுகின்றன, அகங்காரத்தால் மயங்கியவனே தன்னைக் கர்த்தாவென்று எண்ணுகிறான் என்று கீதை சொல்லும் பொருளுக்கு, தினந்தோறும் கண்முன் நிற்கும் உரை இது. நம் சைவ சித்தாந்தமோ உயிரைப் பற்றிய மலங்கள் மூன்று என்று வரையறுத்து ஆணவம், கன்மம், மாயை என்று எண்ணிக் காட்டியது. அந்த எண்ணிக்கையில் உதிரத்துக்கு இடமில்லை. கழுவவேண்டிய அழுக்கு ‘நான்’ என்னும் செருக்கு என்று கண்டவர்களின் வழிவந்தவர்கள், ‘நான்’ என்பதே தலைகாட்டாத ஒரு நிகழ்ச்சியில் அழுக்கைக் கண்டது எப்படி?

சாஸ்திரம் கற்றவர் ஒருவர் இங்கே குறுக்கிட்டு, "ஆசௌசம் வேறு, பாபம் வேறு, இழவு வீட்டாருக்கும் தீட்டு உண்டே, அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்? அது ஒரு நிலை, அவ்வளவுதான்" என்று சொல்லலாம். நியாயமான ஆட்சேபம். ஆனால், இழவுத் தீட்டு ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் பங்காளிகள் அனைவருக்கும் வருகிறது. அவர்கள் ஒருவரோடொருவர் கூடியிருந்தே அதைக் கழிக்கிறார்கள். இதுவோ ஒரு பாதிக்கு மட்டும் உரியது. ஒரு பெண்ணின் ஆயுளில் ஏறத்தாழ நானூறு முறை என்று கொண்டால், முறைக்கு மூன்று நாளாக ஆயிரத்திருநூறு நாள், மூன்று ஆண்டுகளுக்கும் மேல், அவள் தனியே ஒதுங்கியிருக்கவேண்டும். அன்றியும், வெறும் நிலை என்ற அந்த நுட்பமான வேறுபாட்டை வேதக் கதையே காத்துக்கொள்ளவில்லை. தைத்திரீய சம்ஹிதையில் வருகிறது: தேவர்களுக்குப் புரோகிதனாயிருந்த விசுவரூபனைக் கொன்ற இந்திரனைப் பிரம்மஹத்தி பற்றுகிறது, அவன் அதை மூன்று கூறாக்கி, மண்ணுக்கும் மரங்களுக்கும் பெண்களுக்கும் பகிர்ந்தளிக்கிறான், பெண்கள் ஏற்ற கூறே மாதவிலக்காயிற்று, அதற்கு ஈடாக, ருதுகாலத்தை ஒட்டி மகப்பேறு வாய்க்கும் வரத்தை அவர்கள் பெற்றார்கள். இக்கதையைத் தீட்டுக்குப் பிரமாணமாகக் காட்டுவோர் அதை முழுவதும் படிக்கவேண்டும். கொலை செய்தவன் இந்திரன். பெண்கள் செய்தது அவனுக்காகச் சுமையைத் தாங்கிக்கொண்டது. கடன் வாங்கியவனை ஐராவதத்தில் ஏற்றிவிட்டு, ஜாமீன் நின்றவளைக் கொல்லையில் உட்காரவைப்பது எந்த நீதிமன்றத்துத் தீர்ப்பு? அதே கூறுகளை ஏற்ற மண்ணை நாம் பூமாதேவி என்று வணங்குகிறோம். மரத்தைச் சுற்றி வருகிறோம்.

எஞ்சியது மூன்றாவது: எண்ணம். இந்த எண்ணத்தின் தொடக்கம் அருவருப்பில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. புறநானூற்றில் பொன்முடியார் பாடலொன்றில், போர்க்களத்தில் பின்வாங்கி நின்ற குதிரைகளுக்கு, முருகன் கோயிலில் கலங்களைத் தொடாது ஒதுங்கி நின்ற மகளிர் உவமையாகிறார்கள். அந்த முருகனுக்கு அடைமொழியோ ‘அணங்கு’. வருத்தவும் காக்கவும் வல்ல ஒரு சக்தியின் முன் எழும் அச்சம் அந்தச் சொல்லில் இருக்கிறது, அழுக்கு இல்லை. அஸ்ஸாமில் காமாக்யையின் கோயில் ஆனி மாதத்தை ஒட்டி மூன்று நாள் அடைக்கப்படுகிறது, தேவிக்கு ருதுகாலம் என்று. நாலாம் நாள் கதவு திறக்கையில் லட்சக்கணக்கான ஜனங்கள் காத்து நிற்கிறார்கள். கேரளத்தில் செங்கன்னூர் பகவதிக்கும் அவ்வாறே விலக்கு உண்டு. நாலாம் நாள் பம்பையாற்றில் நீராட்டு. ஒடிசாவில் மூன்று நாள் பூமிக்கே ருதுகாலம் என்று ஏர் பூட்டாமல் நிறுத்திவைத்து, பெண்கள் ஊஞ்சலாடிக் கொண்டாடுகிறார்கள். அங்கேயும் கதவு அடைபடுகிறது, ஒதுக்கம் உண்டு. ஆனால், தேவியின் கதவுக்கு வெளியே நிற்பவர்கள் மூக்கைச் சுளிக்கவில்லை, கைகூப்பி நிற்கிறார்கள். அச்சம் பக்தியாகலாம், அச்சம் காலப்போக்கில் தன் காரணத்தை மறந்து அருவருப்பாகவும் உறைந்துபோகலாம். கோயிலில் ஒன்று நடந்தது, கொல்லையில் மற்றொன்று.

அருவருப்பை மறுத்த குரல்களும் நம்மிடையே புதியனவல்ல. சித்தர்களுள் சிவவாக்கியர், தீட்டு என்று எதை விலக்குகிறீர்களோ அது திரண்டல்லவா இந்த உடம்பாயிற்று என்று வேதியரை மடக்கிக் கேட்டார். அவருடைய உடற்கூற்று அறிவு அக்காலத்தது. கரு உருவாவது சினையாலும் விந்தாலும் என்பதை இன்று நாம் அறிவோம். எனினும், அவர் கேள்வியின் கூர்மை இன்றைய அறிவால் மழுங்கவில்லை; இன்னும் தீட்டப்பட்டிருக்கிறது. ஒரு பெண்ணுக்குரிய சினைகளெல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாதத்தில் அறுபது எழுபது லட்சமாக இருந்து, பிறக்கும்போது பத்து இருபது லட்சமாகி, பூப்பெய்தும்போது மூன்று நான்கு லட்சமாகக் குறைந்து, அவற்றில் நானூறு ஐந்நூறு மட்டுமே வெளிப்படுகின்றன. என் தோளைப் பற்றி நிறுத்திய பாட்டியின் வயிற்றில் என் அம்மா ஐந்து மாதக் கருவாயிருந்தபோது, பின்னாளில் நானாகப்போகும் சினையும் அங்கே இருந்தது. அந்த இடத்தில் எங்கள் மூவருக்கும் நடுவே தொடுவது ஏது, விலகுவது ஏது?

சித்தர் எதிர்த்து நின்றவர். அவர் சொல்வதை ஆசாரவான்கள் புறந்தள்ளிவிடலாம். ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன் திருவரங்கத்தில் சம்பிரதாயத்தின் நடுநாயகமாக விளங்கிய பிள்ளை லோகாசாரியரைத் தள்ள முடியாது. பெருமானிடம் சரணாகதி செய்வதற்கு இடம், காலம், சுத்தி முதலிய நியமங்கள் உண்டா என்ற கேள்வியை ஸ்ரீவசனபூஷணத்தில் எழுப்பிக்கொண்ட அவர், திரௌபதியைக் காட்டுகிறார். மாதவிலக்காகி, ஒற்றை ஆடையோடு இருந்தவளைக் கூந்தலைப் பற்றிச் சபைக்கு இழுத்து வந்தார்கள். அவள் நீராடிவிட்டா கண்ணனைக் கூவினாள்? ஆகையால், சுத்தியையும் தேடவேண்டாம், அசுத்தியையும் தேடவேண்டாம். இருக்கிறபடியே இருந்து சரணமடையலாம் என்று முடிக்கிறார். இதைவிடத் துல்லியமான தீர்ப்பை நான் கண்டதில்லை. விலக்கு புனிதம் என்று அவர் சொல்லவில்லை; இகழ்வென்றும் சொல்லவில்லை. ஆண்டவனுக்கும் அடியாளுக்கும் நடுவே அது ஒரு செய்தியே அல்ல என்று விட்டுவிட்டார். துவாரகையிலிருந்து அத்தினாபுரத்துக்கு உள்ள தூரமே அன்று தூரமாக இல்லை. மேல்மருவத்தூரில் இன்று அந்த நாள்களிலும் பெண்கள் கருவறைவரை சென்று தாமே பூஜை செய்கையில், அந்தத் தீர்ப்பு வேறொரு வாசலில் நிறைவேறுகிறது.

பழைய ஏற்பாட்டுக்கு ஓர் ஓய்வின் நியாயம் இருந்தது என்பவர்கள் உண்டு. அடுப்பும் கிணறும் உரலும் ஒரு நாளும் ஓயாத குடும்பத்தில், வேறு எந்தக் காரணத்தாலும் கிடைக்காத மூன்று நாள் இளைப்பாறல் அதனால் கிடைத்தது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால், இளைப்பாறலைக் கொடுக்க ஒருத்தியை இழிவுபடுத்தியாகவேண்டும் என்ற நிர்ப்பந்தம் நம் குடும்பங்களைப் பற்றி என்ன சொல்கிறது? களைத்தவளுக்குப் பாய் விரித்துக் கொடுக்க அன்பு போதாதா? 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சைச் சீமையைச் சூறையாடிய இரவில், பட்டுக்கோட்டைப் பக்கத்தில், அப்பொழுதுதான் பூப்பெய்திய சிறுமி ஒருத்தி, வீட்டுக்குள் இருக்கலாகாதென்று தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்தாள். தென்னை மரம் முறிந்து குடிசையின்மேல் விழுந்தது. பொழுது விடிந்தபோது அவள் இல்லை. ஓய்வின் பெயரால் வாதிடுவோர் அந்தக் குடிசைக்கும் விடை சொல்லவேண்டும்.

விஞ்ஞானத்தின் பெயரால் வாதிடுவோருக்கும் ஒரு வார்த்தை. இந்த அறிவு கைக்கு வந்ததும், நாம் அதைக்கொண்டு புதிய கொல்லைப்புறம் ஒன்றைக் கட்டத் தொடங்கிவிட்டோம். ஒரு பெண் கோபித்துக்கொண்டால், அந்தக் கோபத்துக்கு அலுவலகத்திலோ அடுக்களையிலோ நியாயமான காரணம் இருக்கிறதா என்று விசாரிக்காமல், "எல்லாம் ஹார்மோன் படுத்தும் பாடு" என்று சிரித்துக்கொண்டே ஒதுக்கிவிடுகிறோம். விலக்குக்கு முந்திய நாள்களில் பலருக்கு மனச்சோர்வும் எரிச்சலும் மிகுவது உண்மை; அதற்கு மருத்துவமும் உண்டு. ஆனால், பேசியவளின் பேச்சைக் கேட்காமலிருப்பதற்கு அது சாக்காகும்போது, பாட்டி "தொடாதே" என்றதையே நாம் நாகரிகமாக வேறு பாஷையில் சொல்கிறோம். ஆண்களுக்கும் அதே ஹைபோதலாமஸ் உண்டு, அதே தூது உண்டு, அதே பிட்யூட்டரி உண்டு. ஆயினும், ஆடவன் சினந்து எழுந்தால் யாரும் அவனுடைய சுரப்பியைக் காட்டுவதில்லை, அவன் சொன்ன விஷயத்தைத்தான் ஆராய்கிறார்கள். சரீரம் எப்படி இயங்குகிறது என்பதை விஞ்ஞானம் சொல்லும். அந்தச் சரீரத்தோடு நம்முன் நிற்பவளிடம் எப்படி நடந்துகொள்வது என்பது அதன் சாட்சியத்தில் இல்லை. அது நம்முடைய தீர்ப்பு.

என் அம்மா எண்பது வயதைக் கடந்து, நடமாட்டம் குறைந்து படுத்திருந்த காலத்தில், நாங்கள் கொல்லையில்லாத அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டிருந்தோம். வீட்டிலிருந்த சிறுமி, மாத நாளிலும் சுவாமி படத்தடியில் உட்கார்ந்து பாடம் படிப்பதை அம்மா பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை நான் தயங்கித் தயங்கி, அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த நாள்களில் அவளுக்கு என்ன தோன்றும் என்று கேட்டேன். தீட்டென்றோ ஓய்வென்றோ அவள் எதுவும் பேசவில்லை. சற்று நேரம் விட்டத்தைப் பார்த்திருந்துவிட்டுச் சொன்னாள்: "மூணு நாளும் நீ அந்தத் தூணைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு நிப்பே. எழுந்துவந்து தூக்கிக்கணும்போல இருக்கும்."